ஆளெடுப்பின் வரலாறு: இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும்

இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தொலைவே உள்ளது என்றாலும், இவ்விரு ஊர்களும் ஆளெடுப்பின் இரு வேறு மரபுகளைச் சேர்ந்தவை. நீதிமன்றங்களுக்குப் பெயர்பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூரில் சம்பள உத்தியோகம் என்பது அரசின் விதிகளோடும் தேர்வுகளோடும் பிணைந்தது, 1936-இல் பி.ஏ.சி. இராமசாமி ராஜா தொடங்கிய இராஜபாளையம் மில்ஸ் முதலாக நூற்பாலைகளால் வளர்ந்த இராஜபாளையமோ, தெரிந்தவர் சொல்லுக்கு மதிப்பிருந்த ஆலை உலகைச் சேர்ந்தது. திட்ட மேலாளர் பணிக்கு, அதாவது ஒரு வேலையைக் குறித்த காலத்துக்குள், குறித்த செலவுக்குள், பலரைக் கொண்டு முடித்துத் தரும் பொறுப்புக்கு, இன்று நான்கைந்து சுற்று நேர்முகத்தைக் கடக்கும் பட்டதாரி இவ்விரு மரபுகளையும் ஒரே வரிசையில் சந்திக்கிறார்.

ஆலை மரபின் நடுநாயகமாக இருந்தவர் மேஸ்திரி. வேலையை மேற்பார்வையிடுவதோடு ஆளைச் சேர்ப்பதும் நீக்குவதும் அவர் கையிலேயே இருந்தன. சங்கு ஊதுவதற்கு முன்பே பதிலித் தொழிலாளர்கள், அதாவது அன்றைக்கு வராதவரின் இடத்தை நிரப்பக் காத்திருப்பவர்கள், ஆலை வாசலில் கூடி நிற்க, எந்த இயந்திரத்துக்கு ஆளில்லை என்று பார்த்துவிட்டு வரும் மேஸ்திரி சிலரை மட்டும் பெயர் சொல்லி அழைப்பார். மற்றவர்கள் வீடு திரும்புவார்கள். இம்முறையில் கையூட்டும் சாதி, உறவுச் சார்பும் மலிந்திருந்தன என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஓடும் இயந்திரத்தில் அறுந்த இழையை ஒருவர் எவ்வளவு விரைவாக ஒட்டுகிறார் என்பதை நேரில் கண்டு அறிந்தவரும் அவரே. அந்த நேரடி அறிவு, அதிகாரத்தோடு கலந்து கெட்டுப்போனது வருந்தத்தக்கது.

ஜே.எச். விட்லி தலைமையில் அமைந்த தொழிலாளர் பற்றிய அரச ஆணையம் 1931-இல் அளித்த அறிக்கை, ஆளெடுக்கும் உரிமையை மேஸ்திரிகளிடமிருந்து எடுத்து, அதற்கென நியமிக்கப்படும் தொழிலாளர் அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 500 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் தொழிற்சாலைகளில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் விதித்தது. இன்று 'எச்.ஆர். ரவுண்டு' எனப்படும் மனிதவளத் துறையின் சுற்று இந்த அலுவலர்களின் வழிவந்தது என்று கொள்வது பொருந்தும்.

எழுத்துத் தேர்வு அரசு வழியாக வந்தது. இந்திய சிவில் பணிக்கான திறந்த போட்டித் தேர்வு 1855-இல் இலண்டனில் தொடங்கியது. 1929-ஆம் ஆண்டுச் சட்டப்படி சென்னை மாகாணம் தனக்கெனப் பணியாளர் தேர்வாணையம் ஒன்றை அமைத்து, இந்திய மாகாணங்களுள் இதில் முதலிடம் பெற்றது. அதன் வழித்தோன்றலாகிய தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம், தொகுதி 1 பணிகளுக்கு முதல்நிலைத் தேர்வு, முதன்மைத் தேர்வு, நேர்முகத் தேர்வு என மூன்று படிகளை இன்றும் வைத்திருக்கிறது.

குழுச் சுற்று படைத்துறையின் கொடை. போருக்கு அதிகாரிகளை விரைந்து தேர்ந்தெடுக்க 1942-இல் பிரிட்டனிலும், அடுத்த ஆண்டு டேராடூனிலும் தேர்வு வாரியங்கள் அமைந்தபோது, தலைவர் என்று எவரையும் குறிக்காத ஒரு குழுவிடம் பலகையும் கயிறும் உருளையும் சுமையும் கொடுத்து, தரையைத் தொடாமல் தடையைக் கடக்கச் சொல்லி, யார் யோசனை சொல்கிறார், யார் பிறர் சொல்லைக் கேட்கிறார் என்பதை உளவியலாளர் முதலியோர் கவனித்தனர். குறைந்த பொருள், குறைந்த நேரம், பொதுவான இலக்கு என்ற மூன்றும் சேர்ந்த இச்சோதனை, திட்ட மேலாளரின் அன்றாடப் பணிக்கு மிக நெருங்கியது. மேசையைச் சுற்றி அமர்ந்து பேசும் இன்றைய குழு விவாதத்தில் பேச்சு மட்டும் எஞ்சி, கைவேலை மறைந்துவிட்டது.

மேல்நிலைப் பதவிகளுக்கு இத்தகைய தேர்வு பரவுவதற்கு ஒரு தடையும் நீங்க வேண்டியிருந்தது. ஒரு குடும்பமோ அதன் நிறுவனமோ ஒப்பந்தத்தின் பேரில் ஆலையை நிர்வகிக்கும் மேலாண்மை முகமை முறை 1970-இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதற்குச் சற்று முன்னரே, 1957-இல் அமெரிக்காவில் டூபான்ட் நிறுவனத்தில், எந்த வேலை தாமதித்தால் முழுத் திட்டமும் தாமதிக்கும் என்று கணிக்கும் முறை உருவாகி, திட்ட மேலாண்மை தனிக் கலையாகியிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த கிருஷ்ணன்கோவிலில் 1984-இல் கலசலிங்கம் பொறியியல் கல்லூரி தொடங்கியதும், இராஜபாளையத்து ராம்கோ குழுமத்திலிருந்து 1997-இல் ராம்கோ சிஸ்டம்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் உருவானதும் இவ்வட்டாரத்தை இப்புதிய உலகோடு இணைத்தன.

சுற்றுகள் பெருகப் பெருக, அவற்றின் சுமை சிற்றூர்க்காரர் மீதே கூடுதலாக விழுகிறது. காணொலி நேர்முகம் வந்த பின்னும், இறுதிச் சுற்றுக்கு நேரில் வரச் சொன்னால் பொதிகை எக்ஸ்பிரஸில் ஓர் இரவு முழுவதும் பயணம் செய்தே சென்னை சேர வேண்டும். முதன்முறை வரும் விண்ணப்பதாரருக்கு இரயில் கட்டணத்தைத் திருப்பித் தரும் வழக்கம் படைத்துறைத் தேர்வு வாரியங்களில் உண்டு. அங்கிருந்து குழுச் சோதனையை எடுத்துக்கொண்ட தனியார் நிறுவனங்கள் அனைத்தும் இவ்வழக்கத்தையும் எடுத்துக்கொள்வதே முறை.