பேறுகாலத்திற்கு மருத்துவசாலை தெரிதல்: வியன்னா நகரத்து வரலாறு



நம் குடும்பங்களில் மகள் தலைப்பேற்றிற்குத் தாய்வீடு வந்தவுடன், “எந்த ஆஸ்பத்திரியில் பார்ப்பது?” என்னும் வினா எழுதல் இயல்பு. அதற்கு விடை கூறுவோர் பலர். அவர் காட்டும் காரணங்களும் பல. கட்டடத்தின் பொலிவை ஒருவர் புகழ்வர். சம்பந்தி வீட்டார் மெச்சவேண்டும் என்பர் பிறிதொருவர். மூத்த மகளுக்கு அங்கேதான் பார்த்தோம் என்பர் மற்றொருவர். அவ்விடத்தே பேற்றிற்குச் சென்ற பெண்டிருள் நலமுடன் மீண்டோர் எத்துணையர், மீளாதோர் எத்துணையர் என வினவுவோரைக் காண்டல் அரிது. இவ்வினா எத்துணை இன்றியமையாதது என்பதை ஐரோப்பாக் கண்டத்து வியன்னா நகரத்து வரலாறு ஒன்று தெளிவுற விளக்கும். அதனை ஈண்டுச் சுருக்கியுரைக்கப் புகுகின்றேன்.

ஆஸ்திரிய நாட்டுத் தலைநகராகிய வியன்னாவில் இரண்டாம் ஜோசப் என்னும் பேரரசன் 1784ஆம் ஆண்டில் பொது மருத்துவசாலையொன்றைத் திறந்தான். அதன் பேறுகாலப் பகுதி நாளடைவில் ஐரோப்பாவிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்றாய் வளர்ந்தது. அங்கு வந்தோர் பெரும்பாலும் ஏழைப் பெண்டிர். கணவரில்லாது கருவுற்றோரும் அவருள் பலர். அவர்க்கு மருத்துவம் இலவசம். பிறந்த மகவைக் குழந்தைகள் காப்பகத்தில் ஒப்புவிக்கும் உரிமையும் உண்டு. இவற்றிற்குக் கைம்மாறாக, மாணாக்கர் தம்மைப் பரிசோதித்துப் பயில அப்பெண்டிர் இசைதல் வேண்டும்.

இப்பகுதி இரண்டு பிரிவுகளாக நடைபெற்றது. 1840ஆம் ஆண்டு அரசாணையின்படி, முதற்பிரிவில் மருத்துவ மாணாக்கராகிய ஆடவரும், இரண்டாம் பிரிவில் மருத்துவச்சித் தொழில் பயிலும் மகளிருமே பயிலலாயினர். நாள் முறை மாற்றி ஒரு பிரிவிலும் மற்றொரு பிரிவிலுமாகக் கருவுற்றோர் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். ஆகவே எப்பிரிவிற் சேர்வது என்பதைத் தீர்மானித்தது அவர் வந்த கிழமையேயன்றி வேறன்று. இவ்வேற்பாட்டினால் இரு பிரிவினரும் ஒரே ஊரினராய், ஒரே நிலையினராய், ஒரே உணவு உண்போராய் அமைந்தனர். பின்னர் உண்மை புலப்படுதற்கு இதுவே பெருந்துணையாயிற்று.

இனிக் கணக்கைக் காண்போம். 1841 முதல் 1846 வரை ஆறு ஆண்டுகளில் முதற்பிரிவில் நிகழ்ந்த பேறுகள் 20,042. அவற்றுள் இறந்த தாய்மார் 1,989 பேர். இரண்டாம் பிரிவில் நிகழ்ந்த பேறுகள் 17,791. இறந்த தாய்மார் 691 பேர். அஃதாவது, முதற்பிரிவில் நூற்றுக்குப் பதின்மர் அளவில் மாண்டனர்; இரண்டாம் பிரிவில் நால்வர் அளவிலேயே மாண்டனர். 1846ஆம் ஆண்டை மட்டும் நோக்கின் வேற்றுமை இன்னும் பெரிது. முதற்பிரிவில் 4,010 பேறுகளுக்கு 459 தாய்மாரும், இரண்டாம் பிரிவில் 3,754 பேறுகளுக்கு 105 தாய்மாரும் இறந்தனர். நோய் முற்றிய தாய்மார் சிலர் முதற்பிரிவினின்றும் பொது மருத்துவப் பகுதிக்கு மாற்றப்பட்டு ஆண்டு இறந்தமையின், அவர் இக்கணக்கிற் சேர்ந்திலர். ஆதலின் மெய்யான அளவு இதனினும் மிகுதியே.

இவர்களைக் கொன்ற நோய் யாது? நம் பாட்டியர் ‘பிரசவ சன்னி’ எனக் கூறி அஞ்சிய அக்கொடிய சுரமேயாம். பேறு முடிந்த சின்னாளில் குளிர் நடுக்கமும் கடுஞ்சுரமும் தோன்றும். வயிறு வீங்கி வலிக்கும். பின்னர் அறிவு மயங்கி உயிர் நீங்கும். முந்திய நாள் மகவை மார்போடணைத்திருந்த தாய் சின்னாளிற் பிணமாய்க் கிடப்பள்.

இவ்வேற்றுமையைப் பேராசிரியர்கள் ஏட்டில் எழுதிவைத்தனர். நகரத்துப் பெண்டிரோ அதனை நெஞ்சில் எழுதிவைத்தனர். முதற்பிரிவில் தம்மைச் சேர்க்கவேண்டாவென முழந்தாளிட்டுக் கைகூப்பி அழுது மன்றாடினோர் பலர். முதற்பிரிவின் நாளில் வலியெடுத்தோருள் சிலர் மருத்துவசாலைக்கு வரும் வழியில், தெருவிலேயே மகவை ஈன்றுவிட்டுப் பின்னர் வந்து சேர்ந்தனர். அங்ஙனம் வந்தாலும் காப்பக உரிமை அவர்க்குக் கிட்டும். வியப்பென்னையெனின், மருத்துவர் கை படாது தெருவில் ஈன்ற அப்பெண்டிர்க்கு இந்நோய் மிகக் குறைவாகவே வந்தது. எழுத்தறியா ஏழைப் பெண்டிர் கண்டறிந்த உண்மையைக் கற்றுவல்ல மருத்துவர் கண்டிலர். கண்டாரும் காரணம் காணாது திகைத்தனர்.

1846ஆம் ஆண்டில் முதற்பிரிவின் துணை மருத்துவராக அமர்ந்தவர் இக்னாஸ் செம்மல்வைஸ் என்பார். இவர் 1818ஆம் ஆண்டில் ஹங்கேரி நாட்டுப் பூடா நகரிற் பிறந்தவர். அக்காலத்து மருத்துவர் கூறிய காரணங்களை இவர் ஒவ்வொன்றாய் எடுத்து ஆராய்ந்தார்.

காற்றில் தோன்றும் நச்சுத்தன்மையே காரணம் என்றனர் சிலர். அங்ஙனமாயின் ஒரு கூரையின்கீழ் அடுத்தடுத்திருந்த இரு பிரிவுகளுள் ஒன்றை மட்டும் அக்காற்று நாடுவது எங்ஙனம்? நெருக்கடியே காரணம் என்றனர் வேறு சிலர். நெருக்கடி மிகுந்திருந்தது பெண்டிர் விரும்பி நாடிய இரண்டாம் பிரிவிலேயே. மணியடித்துக்கொண்டு வரும் பாதிரியாரைக் கண்டு நோயாளர் அஞ்சுவதே காரணம் என்றும் ஒரு கொள்கை இருந்தது. செம்மல்வைஸ் அம்மணியை நிறுத்துவித்தார், சாவு நின்றிலது. இரண்டாம் பிரிவிற்போலப் பெண்டிரை ஒருக்களித்துப் படுக்கவைத்து மகப்பேறு பார்க்கச் செய்தார். அதனாலும் பயன் விளைந்திலது.

1847ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இவர்தம் நண்பராகிய கொலெட்ச்கா என்னும் பேராசிரியர் காலமாயினார். பிணமறுத்து ஆராயும்பொழுது மாணாக்கனொருவன் கையிலிருந்த கத்தி அவர் விரலிற் பட்டுப் புண்ணாயிற்று. அப்புண் காரணமாகச் சுரங்கண்டு இறந்தார். அவருடலை ஆராய்ந்த குறிப்புக்களைப் படித்த செம்மல்வைஸ், பேறுகாலச் சுரத்தால் இறந்த தாய்மார் உடலிற் காணும் குறிகளே அவருடலிலும் இருத்தலைக் கண்டார். உடனே அவர்க்கு உண்மை விளங்கிற்று. கத்தியின் வழியாக நண்பர் உடலிற் புகுந்தது யாதோ, அதுவே மருத்துவர் விரல் வழியாகத் தாய்மார் உடலிற் புகுகின்றது. முதற்பிரிவின் மருத்துவரும் மாணாக்கரும் காலையிற் பிணங்களை அறுத்து ஆராய்ந்து, அக்கைகளுடன் பேறுகாலப் பெண்டிரைப் பரிசோதித்தனர். மருத்துவச்சி மாணாக்கியர்க்குப் பிணமறுக்கும் பாடம் இன்மையின், இரண்டாம் பிரிவு அத்தீங்கினின்றும் பெரிதும் தப்பியது.

சவர்க்காரத்தால் கழுவிய பின்னரும் பிணநாற்றம் கையை விட்டு நீங்காமையை அவர் நோக்கினார். ஆகவே 1847ஆம் ஆண்டு மே மாத நடுவில், குளோரின் சேர்ந்த நீரிற் கைகளைக் கழுவிய பின்னரே எவரும் பேறுகால அறையினுள் புகவேண்டுமென விதித்தார். அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் முதற்பிரிவில் 312 பேறுகளுக்கு 57 தாய்மார் இறந்திருந்தனர். ஜூன் மாதத்தில் 268 பேறுகளுக்கு 6 பேரும், ஜூலை மாதத்தில் 250 பேறுகளுக்கு 3 பேருமே இறந்தனர். 1848ஆம் ஆண்டு முழுதும் நிகழ்ந்த 3,556 பேறுகளுக்கு இறந்தோர் 45 பேர். நூற்றுக்குப் பதினெட்டாயிருந்த சாவு, நூற்றுக்கு ஒன்றேகாலாய்க் குறைந்தது. புதிய கட்டடம் எழுப்பப்படவில்லை. விலையுயர்ந்த கருவி வாங்கப்படவுமில்லை. ஒரு கலம் மருந்துநீரே இம்மாற்றத்தைச் செய்தது.

இடையில், 1847ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், கருப்பையிற் புற்றுநோய் கொண்ட ஒருத்தியைப் பரிசோதித்த கைகளை நன்கு கழுவாமலே மற்றப் பெண்டிரையும் பரிசோதித்தனர். பன்னிருவருள் பதினொருவர் இறந்தனர். பிணத்தினின்றன்றி, உயிருள்ள நோயாளியினின்றும் நஞ்சு பரவும் என்பதை இதனால் உணர்ந்து, ஒவ்வொருத்தியைப் பரிசோதித்த பின்னும் கை கழுவவேண்டுமென அவர் விதித்தார்.

இத்துணைப் பெருநன்மை செய்தாரை உலகம் போற்றியதோவெனின், இல்லை. அவர் கூற்றை ஒப்புக்கொள்வதாயின், இறந்த தாய்மார்க்கெல்லாம் தம் கைகளே கூற்றுவனாயின என்பதையும் மருத்துவர் ஒப்புக்கொள்ளல் வேண்டும். அதற்குப் பலர் மனம் இசையவில்லை. தலைவராயிருந்த கிளைன் என்பாரும் இசைந்திலர். 1849ஆம் ஆண்டில் செம்மல்வைஸின் பதவி நீட்டிக்கப்படவில்லை. அடுத்த ஆண்டில் அவர் வியன்னாவை விட்டுத் தம் தாய்நாடு சென்றார். பெஸ்ட் நகரத்துத் தூய ரோக்கு மருத்துவசாலையில் 1851 முதல் ஆறாண்டுகள் பணியாற்றினார். ஆங்கு நிகழ்ந்த 933 பேறுகளில் இச்சுரத்தால் இறந்தோர் எண்மரே. 1861ஆம் ஆண்டில் தம் கொள்கையை நூலாக வெளியிட்டார். அதனையும் பெரும்பாலோர் மதித்திலர். மனநிலை குலைந்து, 1865ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், தம் 47ஆம் வயதில், மனநோயாளர் விடுதியொன்றில் உயிர் நீத்தார். இரண்டாண்டு கழித்து லிஸ்டர் என்பார் புண்களிற் கிருமி சேராமற் காக்கும் முறையை வெளியிட்டார். 1879ஆம் ஆண்டில் பாஸ்டர் என்பார் இச்சுரத்தை விளைக்கும் கிருமியை விளக்கிக் காட்டினார். செம்மல்வைஸ் வென்றார், வெற்றியைக் காண அவர் இருந்திலர்.

இவ்வரலாற்றினின்றும் நாம் பெறும் பாடம் யாது? மருத்துவசாலையைத் துறத்தல் வேண்டும் என்பதன்று. வியன்னாத் தெருவில் ஈன்றோர் தப்பினர் என்பது கொண்டு வீட்டிலேயே பேறு பார்த்தல் சிறந்ததென முடிவு செய்வோர் பெரும் பிழை செய்தோராவர். குருதிப் பெருக்கு, இரத்தக் கொதிப்பு, வலிப்பு முதலியன தோன்றின், ஒரு நாழிகைத் தாமதமும் தாயின் உயிரைக் கவரும். அவற்றிற்கு வீட்டில் மருந்தில்லை. புகழ் ஒன்றையே நம்பி ஓரிடத்தைத் தெரிதல் தகாது என்பதே பாடம். வியன்னாவின் முதற்பிரிவு பேராசிரியர் நிறைந்தது. இரண்டாம் பிரிவு மருத்துவச்சியர் பயிலிடம். பெயரை நோக்கினோர் முதலதையும், விளைவை நோக்கினோர் இரண்டாவதையும் நாடியிருப்பர்.

நம் நாட்டு நிலையையும் சிறிது நோக்குவோம். 2019–21ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதின் மேற்பட்ட பேறுகள் மருத்துவசாலைகளிலேயே நிகழ்ந்தன. அவற்றுள் சிசேரியன் என்னும் அறுவைப் பேறு நூற்றுக்கு 45 அளவினது. அரசினர் மருத்துவசாலைகளில் 36ம், தனியார் மருத்துவசாலைகளில் 64ம் ஆக இருந்தது. இவ்வெண்களை மட்டுங்கொண்டு எவரையும் பழித்தல் முறையன்று. அறுவையால் உயிர் பிழைத்த தாயரும் சேயரும் பலர். இடத்துக்கிடம் வரும் நோயாளரின் நிலையும் வேறுபடும். எனினும் இத்துணை வேறுபாடு இருக்கையில், காரணம் வினவுதல் குடும்பத்தாரின் கடமையாம்.

ஆதலின், இடம் தெரியும்பொழுது இவ்வினாக்களை அஞ்சாது கேட்க: நள்ளிரவிலும் பேறு பார்க்கும் மருத்துவர் உளரோ? மயக்கமருந்து கொடுப்பார் உடனே வருவரோ? குருதி கைவசமுண்டோ? குறைமாதக் குழந்தையைக் காக்கும் பகுதி உண்டோ? இல்லையேல் எங்கு அனுப்புவர்? அறுவை எக்காரணங்களாற் செய்வர்? ஒவ்வொருத்தியைத் தொடுமுன்னும் கை கழுவுகின்றனரோ? நம் வீட்டினின்றும் அவ்விடம் எத்துணைத் தொலைவு? இவற்றிற்கு நேரிய விடை தருமிடம் ஓட்டுக் கட்டடமாயினும் உயர்ந்ததே. விடைதர வெகுளுமிடம் மாளிகையாயினும் ஐயுறத்தக்கதே. கடன்பட்டுப் பெரிய இடத்திற் சேர்த்தோம் என்னும் பெருமை, தாய் நலமுடன் மீளாவிடின் எதற்குதவும்?

இன்னுமொன்று. கருவுற்றவள் சொல்லை முதற்கண் கேட்க. வியன்னாவில் முழந்தாளிட்டு அழுத பெண்டிரை அறியாமையுடையோர் என்றே பலரும் கருதினர். அவர்கள் அழுதது மெய்யான காரணத்தாற்றான். நம் வீட்டுப் பெண் “அவ்விடம் எனக்கு அச்சமாயிருக்கின்றது” எனின், அதனை நாணமென்றும் பிடிவாதமென்றும் தள்ளாது, காரணம் யாதென உசாவுதல் வேண்டும். நம் சங்கத்து மாதரும் தத்தம் பேறுகால நலந்தீங்குகளை ஒருவர்க்கொருவர் மறையாது உரைத்தல் நன்று. ஒரு குடும்பம் பட்டறிந்தது மற்றொரு குடும்பத்திற்குக் காப்பாகும். கணக்கெழுதிய ஒருவரால் வியன்னாவில் ஆயிரக்கணக்கான தாயர் பிழைத்தனர். கேட்டறியும் வழக்கமுடைய குடும்பங்களால் நம் மகளிரும் நலமுடன் பிழைப்பர்.