அழித்து எழுதிய பிபிசி

டிவியில் ஒருமுறை வந்துவிட்டால் அது எங்கேயோ ஒரு அலமாரியில் பத்திரமாக இருக்கும் என்றுதான் நாம் நினைக்கிறோம். பிபிசியின் பழைய கதை தெரிந்தவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள்.

1936 நவம்பர் 2-ம் தேதி லண்டன் அலெக்ஸாண்ட்ரா பேலஸிலிருந்து பிபிசி தன் டிவி சேவையைத் தொடங்கியபோது, ஒளிபரப்பைப் பதிந்து வைக்க உருப்படியான வழி எதுவும் கிடையாது. நாடகம் என்றால் கேமரா முன்னால் நேரடியாக நடிப்பார்கள். மறு ஒளிபரப்பு என்றால் அதே நடிகர்கள் சில நாள் கழித்து வந்து மறுபடி நடிப்பார்கள். அவ்வளவுதான்.

போருக்குப் பிறகு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். டிவி திரைக்கு முன்னால் ஒரு ஃபிலிம் கேமராவை வைத்துத் திரையையே படம் பிடிப்பது. 1953-ல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவை இப்படிப் பிடித்து, அன்றைக்கே போர் விமானத்தில் கனடாவுக்கு அனுப்பினார்கள். அதே வருடம் 'குவாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமென்ட்' என்று ஆறு பகுதிகள் கொண்ட ஒரு தொடர் வந்தது. முதல் இரண்டு பகுதிகளை மட்டும் பிடித்தார்கள். தரம் சரியில்லை என்று மீதியை விட்டுவிட்டார்கள். இரண்டாம் பகுதியில் படம் பிடித்த திரைமேல் ஒரு பூச்சி வந்து உட்கார்ந்திருக்கிறது. எழுபது வருடம் தாண்டியும் அந்தப் பூச்சி இருக்கிறது, கடைசி நான்கு பகுதிகள் இல்லை!

அடுத்து வந்தது காந்த டேப். பிபிசி பொறியாளர்கள் சொந்தமாக 'வேரா' என்று ஒரு ராட்சத இயந்திரம் செய்தார்கள். டேப் விநாடிக்கு 200 அங்குல வேகத்தில் ஓடும். அவ்வளவு பெரிய சுருளில் பதினைந்து நிமிடம்தான் பிடிக்கும். 1958 ஏப்ரலில் நேயர்களுக்குக் காட்டிப் பெருமைப்பட்டார்கள். பாவம், அதற்கு இரண்டு வருடம் முன்பே அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் கம்பெனி, டேப்பை மெதுவாக ஓடவிட்டு, பதிக்கும் தலைகளை வேகமாகச் சுழலவிடும் வித்தையைக் கண்டுபிடித்திருந்தது. வேரா ஓரம் கட்டப்பட்டது, பிபிசியும் ஆம்பெக்ஸுக்கு மாறியது.

வினை ஆரம்பித்ததும் இங்கேதான். இரண்டு அங்குல அகல டேப் யானை விலை. ஆனால் அழித்து மறுபடி எழுதலாம். இங்கே புனேயில் என் பிழைப்பே கம்பெனி சர்வர்களுக்கு பேக்கப் எடுப்பதுதான். எந்த டேப்பை வைத்துக்கொள்வது, எதன்மேல் புதிதாக எழுதுவது என்பது தினப்படி கேள்வி. அதனால் அந்த ஊழியர்களைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. நடிகர் சங்க ஒப்பந்தப்படி ஒரு நிகழ்ச்சியைத் திரும்பத் திரும்பப் போடவும் முடியாது. கறுப்பு வெள்ளை நாடகத்தைக் கலர் வந்தபிறகு யார் பார்ப்பார்கள்? வீட்டு வீடியோ என்ற சந்தையே அப்போது இல்லை. அந்தக் கணக்கில் அழித்தது நியாயம். 1978 வாக்கில்தான் எல்லாவற்றையும் முறையாகக் காப்பது என்ற கொள்கையே வந்தது.

அதற்குள் போனது கொஞ்சமா? 1969-ல் மனிதன் நிலவில் இறங்கிய இரவு பிபிசி ஸ்டூடியோவில் நடந்த ஒளிபரப்பு போய்விட்டது. 'டாக்டர் ஹூ' தொடரின் 1960களின் பகுதிகள் 253. ஒன்றுக்குக்கூட மூல வீடியோ டேப் கிடையாது.

ஆனாலும் பெரும்பகுதி இன்று பார்க்கக் கிடைக்கிறது. காரணம் வெளிநாட்டு வியாபாரம். ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு டிவி முறை என்பதால் விற்பனைக்கு 16 மி.மீ. ஃபிலிம் பிரதிகள் போட்டார்கள். ஒளிபரப்பியபின் திருப்பி அனுப்ப வேண்டும், அல்லது அடுத்த நாட்டுக்கு அனுப்ப வேண்டும், அல்லது அழிக்க வேண்டும். சிலர் எதையுமே செய்யவில்லை. நைஜீரியாவின் ஜோஸ் நகர டிவி நிலையத்தில் தூசி படிந்து கிடந்த பெட்டிகளிலிருந்து, காணாமல் போயிருந்த ஒன்பது பகுதிகள் கிடைத்ததாக 2013 அக்டோபரில் அறிவித்தார்கள். தொண்ணூறுக்கும் மேற்பட்டவை இன்னமும் இல்லை. அவற்றிலும் ஒலி மட்டும் முழுசாக இருக்கிறது! அந்தக் காலப் பையன்கள் டிவி பக்கத்தில் டேப் ரிக்கார்டரை வைத்துப் பதிந்தது. நாம் கட்டபொம்மன் கதை வசனம் கேட்ட மாதிரி, அவர்கள் அதைக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது கலர் திரும்பி வந்த கதை. 'டாட்ஸ் ஆர்மி' நகைச்சுவைத் தொடரில் 1969-ல் கலரில் எடுத்த ஒரு பகுதிக்குக் கறுப்பு வெள்ளை ஃபிலிம்தான் மிஞ்சியது. அந்த ஃபிலிமை உற்றுப் பார்த்தால் படம் முழுக்கப் பொடிப் புள்ளிகள். கலர் சிக்னல் திரையில் புள்ளிகளாகத் தெரிய, கேமரா அதையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. அந்தப் புள்ளிகளைக் கணினியில் படித்து எந்த இடத்தில் என்ன நிறம் என்று கண்டுபிடிக்க ஒரு பிபிசி பொறியாளர் மென்பொருள் எழுதினார். 2008 டிசம்பரில் அந்தப் பகுதி மறுபடி கலரில் ஒளிபரப்பானது.

ஃபிலிமில் பிடிக்கும்போது அந்தப் புள்ளிகள் தெரியாமல் இருக்க ஒரு வடிகட்டியைப் போட்டிருக்க வேண்டும். யாரோ போடாமல் விட்டிருக்கிறார்கள்.