ஒரே சரக்கு, இரண்டு முறை விலை

ஒரு பாடல் மக்களின் காதுக்குப் போகலாமா, கூடாதா என்று முடிவு செய்வது யார்? பாடியவரா, பணம் போட்டவரா? இதற்கு நான் எடுத்துக்கொண்ட உதாரணம், அமெரிக்காவின் சிகாகோ நகரைச் சேர்ந்த வில்கோ என்ற ராக் இசைக்குழு. நம் வீடுகளில் அதிகம் கேட்டிராத பெயர்தான். ஆனால் 2001-ஆம் ஆண்டில் அவர்களுக்கு நடந்தது, பாட்டுத் துறையில் இருப்பவர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி.

ஜெஃப் டுவீடி என்ற பாடகர் 1994-ல் தொடங்கிய குழு இது. கிராமியச் சாயல் கலந்த ராக் இசைக்குப் பெயர் வாங்கியிருந்தார்கள். பெரிய விற்பனை இல்லை. 1999-ல் வந்த அவர்களுடைய இசைத்தட்டு, 'பில்போர்டு' பட்டியலில் 78-ஆம் இடத்தைத் தாண்டவில்லை. அடுத்த தட்டைச் சிகாகோவில் தங்கள் சொந்த இடத்திலேயே பதிவு செய்தார்கள். 'யாங்கி ஹோட்டல் ஃபாக்ஸ்டிராட்' என்பது அதன் பெயர். சிற்றலை வரிசையில் வானொலியைத் திருகிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நிலையங்களுக்கு நடுவே, யாருக்கோ இரகசியமாக எண்களையும் எழுத்துகளையும் வாசிக்கும் குரல்கள் சில சமயம் கேட்கும். அப்படி ஒரு பெண் குரல் திரும்பத் திரும்பச் சொன்ன மூன்று சொற்கள்தான் இந்தத் தலைப்பு. அந்தக் குரலையே ஒரு பாடலிலும் சேர்த்துக்கொண்டார்கள். (அந்தப் பதிவைத் தொகுத்து வெளியிட்டிருந்த நிறுவனம் பிறகு வழக்குப் போட்டதும், அது சமரசத்தில் முடிந்ததும் தனிக்கதை.)

தட்டு முழுவதிலும் அந்த வானொலி இரைச்சல் பரவிக் கிடக்கிறது. மெட்டு இனிமையாகத்தான் போகும். நடுவில் ஏதோ உடைவது போல ஒரு சத்தம் குறுக்கே வரும். பக்கத்தில் இருப்பவர் பேசுவது சரியாகக் காதில் விழாத தவிப்பு. அதைத்தான் டுவீடி பாட்டாக்கியிருக்கிறார் என்பது என் கருத்து.

குழு ஒப்பந்தம் செய்திருந்தது ரிப்ரைஸ் நிறுவனத்துடன். இங்கே ஒரு வேடிக்கை. பாடகனுக்குச் சுதந்திரம் வேண்டும் என்று பிராங்க் சினாட்ரா 1960-ல் தொடங்கிய நிறுவனம் அது! பின்னாளில் அது வார்னர் கைக்குப் போனது. 2001 ஜனவரியில் டைம் வார்னரும் ஏஓஎல் இணைய நிறுவனமும் ஒன்றாயின. ஆட்குறைப்பு நடந்தது. குழுவுக்கு ஆதரவாக இருந்த ரிப்ரைஸ் தலைவர் ஹவி கிளைனும் அந்த ஆண்டிலேயே விலகினார். புதிதாகப் பொறுப்பில் இருந்தவர்களுக்குத் தட்டு பிடிக்கவில்லை. அவர்கள் மாற்றம் கேட்டார்கள், குழு மறுத்துவிட்டது. ஒப்பந்தம் முறிந்து, மூலப்பதிவு குழுவின் கைக்கே வந்து சேர்ந்தது.

அடுத்து அவர்கள் செய்தது அந்தக் காலத்தில் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்த காரியம். 2001 செப்டம்பர் 18-ஆம் தேதி, தட்டு முழுவதையும் தங்கள் இணையத்தளத்தில் இலவசமாகக் கேட்க விட்டார்கள். நாப்ஸ்டர் சேவை முடங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. இலவசமாகக் கேட்பவன் காசு கொடுத்து வாங்க மாட்டான் என்று தொழில் முழுவதும் அலறிக்கொண்டிருந்த நேரம். அமெரிக்கக் கோபுரங்கள் சரிந்து ஒரு வாரம்தான் என்பதையும் மறக்கக் கூடாது. அட்டையில் சிகாகோவின் மெரினா சிட்டி இரட்டைக் கோபுரம். உள்ளே ஆடும் கட்டடங்களைப் பற்றியும், கொடியின் சாம்பலைப் பற்றியும் பாடல்கள். எல்லாம் அதற்கு முன்பே எழுதியவைதான். கேட்டவர்களுக்கோ தங்களுக்காகவே எழுதியது போல இருந்தது. இலையுதிர்காலக் கச்சேரிகளில், கடைக்கே வராத பாடல்களை ரசிகர்கள் கூடவே பாடினார்கள்.

அந்த நவம்பரில் நான்சச் என்ற நிறுவனம் தட்டை வாங்கியது. அது யாருடையது தெரியுமா? அதே ஏஓஎல் டைம் வார்னருடையது! ஒரே முதலாளி, ஒரே சரக்குக்கு இரண்டு முறை பணம் கொடுத்தார். 2002 ஏப்ரல் 23-ஆம் தேதி வெளியான தட்டு முதல் வாரத்திலேயே 55 ஆயிரம் பிரதிகளுக்கு மேல் விற்று, பட்டியலில் 13-ஆம் இடத்தைப் பிடித்தது. நாளடைவில் விற்பனை 5 லட்சத்தைக் கடந்தது. 'வில்லேஜ் வாய்ஸ்' இதழ் விமர்சகர்களிடம் நடத்திய அந்த ஆண்டின் வாக்கெடுப்பில் முதலிடமும் இதற்கே.

இலவசமாகக் கொடுத்தால் எல்லாருக்கும் இப்படி நடக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஊர் ஊராகப் போய்ப் பாடி, பல ஆண்டுகளாகச் சேர்த்த ரசிகர்கள் வில்கோவுக்கு இருந்தார்கள். நேற்று வந்த புதுப் பையன்கள் இதையே செய்திருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். நிறுவனம் நிராகரித்த கதையும் விற்பனைக்குக் கைகொடுத்தது என்பதை மறுப்பதற்கில்லை.

இந்த வெற்றிக் கதையில் பலர் தாண்டிப் போகும் பெயர் ஒன்று உண்டு: ஜே பென்னெட். பெரும்பாலான பாடல்களை டுவீடியோடு சேர்ந்து எழுதியவர், பல வாத்தியங்கள் கைவந்தவர். பாடல்களின் இறுதிக் கலவையைச் செய்ய அவருக்கு ஆசை. டுவீடி அந்த வேலையை ஜிம் ஓரூர்க் என்பவரிடம் கொடுத்தார். அதிலிருந்து மனக்கசப்பு. சாம் ஜோன்ஸ் எடுத்து 2002-ல் வந்த ஆவணப்படத்தில் இருவரும் வாதாடும் காட்சியைப் பார்த்தால் நமக்கே சங்கடமாக இருக்கும். தட்டு முடிந்த கையோடு பென்னெட் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். ஊரே கொண்டாடியபோது அவர் மேடையில் இல்லை. 2009 மே மாதம், தனக்குச் சேர வேண்டிய பங்குத்தொகை கேட்டு டுவீடி மீது வழக்குப் போட்டார். அதே மாதம் இறந்தும் போனார். வயது 45.

2022-ல் இருபதாம் ஆண்டுப் பதிப்பு ஒன்று வந்தது. மறு ஆண்டு வரலாற்று இசைத்தொகுப்புக்கான கிராமி விருதையும் பெற்றது. கைவிடப்பட்ட பழைய பதிவுகளை எல்லாம் அதில் சேர்த்திருக்கிறார்கள். ஒரே பாடல் நாலைந்து விதமாக, வேறு வேறு வேகத்தில். பென்னெட் குழுவில் இருந்த நாட்களின் பதிவுகள் அவை. வாய்ப்புக் கிடைத்தால் அந்தப் பழைய வடிவங்களையும் கேட்டுப் பாருங்கள்.