நீலத் தொப்பிக்காரர்கள்

நான் ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து வருகிறேன். எங்கள் பக்கத்துச் சாலைக்குப் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் பெயர் வைத்து எத்தனையோ வருஷமாச்சு. ஆட்டோவில் ஏறினால் நானே "சேமியர்ஸ் ரோடு போப்பா" என்றுதான் சொல்கிறேன். (சிரிப்பு)

பழைய கணக்கை மறந்துடலாம்னு எதிரணியில் ரொம்ப நல்ல மனசோடு பேசினாங்க. நான் ஒரு பட்டாளத்துக் கணக்கைச் சொல்கிறேன். கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

பியூசிலியர் என்று ஒரு வார்த்தை. அந்தக் காலத்துத் துப்பாக்கியில் எரிகிற திரியைக் கையில் வைத்திருந்துதான் சுடணும். பீரங்கிக்குக் காவல் நிற்கிறவன் பக்கத்தில் என்ன இருக்கும்? பீப்பாய் பீப்பாயாக வெடிமருந்து! அங்கே திரியோடு நிற்கலாமா? அடுப்புப் பக்கத்தில் மண்ணெண்ணெய் டின்னை வைக்கிற கதைதான். அதனால் கல்லும் இரும்பும் உரசிப் பொறி விடுகிற பியூசில் என்ற துப்பாக்கியை அவர்களுக்குக் கொடுத்தார்கள். 1671-ல் பிரான்சில் பதினான்காம் லூயி இப்படி ஒரு படை அமைத்தார். 1685-ல் இங்கிலாந்து ராஜா இரண்டாம் ஜேம்ஸ் அமைத்தார். போகப்போக எல்லார் கையிலும் அந்தத் துப்பாக்கியே வந்துவிட்டது. பிரான்சில் பியூசிலியர் என்றால் சாதாரணக் காலாள். இங்கிலீஷ்காரனுக்கோ அது ஒரு கௌரவப் பட்டமாக ஆகிவிட்டது.

அந்தப் பட்டம் நம்ம ஊர்ப் பேரோடும் ஒட்டியிருந்தது. மெட்ராஸ் பியூசிலியர்ஸ்! பேர்தான் மெட்ராஸ், ஆட்கள் அத்தனை பேரும் வெள்ளைக்காரர்கள். 1748-ல் ஸ்ட்ரிஞ்சர் லாரன்ஸ் சேர்த்த கம்பெனிப் படை அது. ஆற்காடு, பிளாசி எல்லாம் பார்த்த படை. 1843-ல் பியூசிலியர் பட்டம் கிடைத்தது.

1857-ல் வடக்கே கிளர்ச்சி வெடித்ததும், இங்கிருந்து கர்னல் நீல் தலைமையில் இந்தப் படையைக் கப்பலில் ஏற்றினார்கள். ஹௌராவில் ரயில் புறப்படும் நேரமாகிவிட்டது, சிப்பாய்கள் எல்லாரும் வந்து சேரவில்லை. வண்டியை நிறுத்த மாட்டேன் என்ற ஸ்டேஷன் மாஸ்டரையே கைது பண்ணி நிறுத்தினார் நீல். சாமர்த்தியசாலி என்று நாமும் சிரிக்கலாம். காசிக்கும் அலகாபாத்துக்கும் போனபிறகு அந்தச் சாமர்த்தியம் என்ன செய்தது? சாலையோர மரமெல்லாம் தூக்குமரம். விசாரணை கிடையாது. அந்த ஊரில் பிறந்ததே குற்றம். கான்பூரில் கைதிகளைத் தரையில் காய்ந்த ரத்தத்தை நாக்கால் நக்கவைத்துவிட்டுத் தூக்கில் போட்டார். இதைச் சொல்லும்போது எனக்கு நாக்கு கூசுகிறது.

செப்டம்பர் 25-ந் தேதி லக்னோவில் குண்டடிபட்டு நீல் செத்தார். 1861-ல் நம் மவுண்ட் ரோட்டில் அவருக்குச் சிலை! 1927-ல் அதை அகற்றணும்னு சத்தியாக்கிரகம் நடந்தது. சுத்தியலும் கோடரியுமாகப் போய்ச் சிறைக்குப் போனார்கள். கடலூர் அஞ்சலையம்மாள் தனியாகவா போனார்? தன் சின்னப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போனார்! (கைதட்டல்) 1937-ல் ராஜாஜி முதல் மந்திரியான பிறகுதான் சிலை எழும்பூர் மியூசியத்துக்குள் போனது.

நடுவர் மணியில் கை வைக்கிறார். ஐயா, ஒரே நிமிஷம், இனிமேல்தான் விஷயமே.

கம்பெனிப் படைகளில் சேர்ந்தவர்களில் ரொம்பப் பேர் அயர்லாந்து ஏழைகள். தன் நாடே அடிமை நாடு. வயிற்றுக்காக இங்கே வந்து நம்மை அடிமையாக வைக்கத் துப்பாக்கி தூக்கினார்கள். 1881-ல் மெட்ராஸ் படையையும் பம்பாய்ப் படையையும் இணைத்து டப்ளின் பியூசிலியர்ஸ் என்று பேர் மாற்றினார்கள். 'நீலின் நீலத் தொப்பிகள்' என்ற 1857-ஆம் வருஷத்துப் பட்டப்பேர் மட்டும் விடவில்லை. 1915-ல் கல்லிப்பொலிக் கரையில் படகிலேயே கும்பல் கும்பலாகச் செத்தார்கள். மறு வருஷம் ஏப்ரலில் டப்ளினில் சுதந்திரக் கிளர்ச்சி. அதை அடக்க யாரை அனுப்பினார்கள் தெரியுமா? இதே டப்ளின் பியூசிலியர்ஸின் சில பிரிவுகளை! அதே வாரம் பிரான்சில் இன்னொரு பிரிவு ஜெர்மன் விஷவாயுவில் மூச்சுத் திணறிச் செத்துக்கொண்டிருந்தது.

1922-ல் தெற்கு அயர்லாந்து தனி நாடாக ஆனதும் படையைக் கலைத்து, கொடியை வின்ட்சர் மாளிகையில் ராஜாவிடம் கொடுத்துவிட்டார்கள். ஊர் திரும்பியவனைச் சொந்த ஊரே அந்நியனாகப் பார்த்தது. முதல் உலகப் போரில் செத்த அயர்லாந்துக்காரர்களுக்காக டப்ளினில் 1930-களில் ஒரு நினைவுத் தோட்டம் கட்டினார்கள். கட்டினார்களே தவிர, அதை முறைப்படி திறந்துவைத்தது 1988-ல்! அரை நூற்றாண்டு அந்த ஊர் மறந்துதான் பார்த்தது, எதிரணி நண்பர்களே. முடிந்ததா? அடுத்துப் பேச வருகிறவர் இதற்குப் பதில் சொல்லிவிட்டு மேலே பேசட்டும். (கைதட்டல்)