போண்டோக் சொல்லும் பழைய வணிகர் விடுதி

பிரிக்பீல்ட்ஸில் மழைக்கு ஒதுங்க உதவும் பேருந்து நிறுத்தக் குடிலுக்கு மலாய் மொழியில் 'போண்டோக்' என்று பெயர். கிளந்தானின் பழைய சமயப் பள்ளிகளுக்கும் அதே பெயர்தான். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? அரபு மொழியின் 'ஃபுன்டுக்'கிலிருந்து. அதற்கும் மூலம், 'எல்லோரையும் ஏற்கும் இடம்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்.

ஆனால் ஃபுன்டுக் ஒரு சிறு குடிலல்ல. இடைக்கால முஸ்லிம் நகரங்களில் வெளியூர் வணிகர்கள் தங்கிய பெரிய விடுதி அது. ஸ்பெயினின் கிரனாடா நகரில், நஸ்ரித் மன்னர்கள் காலத்தில், 14-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்த ஒரு விடுதி இன்றும் நிற்கிறது. லாட வடிவ வளைவுடன் உயர்ந்த வாசல். உள்ளே சதுர முற்றம், நடுவில் தண்ணீர்த் தொட்டி, சுற்றிலும் மூன்று தளங்கள். கீழே சரக்கும் சுமை விலங்குகளும். மேலே வணிகர்களின் அறைகள். போக வர ஒரே வாசல்தான். இரவில் கதவைச் சாத்திவிட்டால் திருட்டுப் பயமில்லை. எந்தச் சரக்கு வந்தது, எது போனது என்ற கணக்கும் அதிகாரிகளுக்குத் தப்பாது. விருந்தோம்பலா, கண்காணிப்பா? இரண்டும்தான்!

1492-இல் கிரனாடா கிறிஸ்துவ மன்னர்கள் வசமானது. விடுதி நாடக அரங்கமாயிற்று. கரி வியாபாரிகளும் அங்கே தங்கினார்கள். 'கரி முற்றம்' என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். யாராவது பயன்படுத்திக்கொண்டே இருந்ததால் கட்டடம் பிழைத்தது. 1918-இல் அது தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

மலாக்காவுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 15-ஆம் நூற்றாண்டில் சுல்தானின் துறைமுகத்தில் நான்கு ஷாபண்டார்கள் இருந்தார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து துணி கொண்டுவந்த தமிழ் வணிகர்கள், முஸ்லிம்களும் இந்துக்களுமாக, வங்காளம், பெகு, பாசாய் வணிகர்களோடு ஒரே ஷாபண்டாரின் பொறுப்பில் இருந்தார்கள். ஊர் திரும்பக் காற்று மாற வேண்டும். அதுவரை சரக்கை எங்கே வைப்பது? மரமும் அத்தாப்பும் நிறைந்த ஊரில் தீப்பிடித்தால் எல்லாம் போய்விடும். அதனால் பாதி மண்ணுக்குள் புதைந்த சேமிப்பு அறைகளைக் கட்டினார்கள். போர்த்துகீசியக் குறிப்புகளில் இவை இடம்பெற்றுள்ளன.

1511-இல் போர்த்துகீசியர் நகரைப் பிடித்தார்கள். பள்ளிவாசல், அரச கல்லறைகளின் கற்கள்கூடக் கோட்டை கட்டப் போயின. தமிழ் வணிகர்களின் அந்த அறைகளில் ஒன்றுகூட இன்று நிற்கவில்லை. சொல் மட்டும் நிற்கிறது. தமிழின் 'கிடங்கு', தெலுங்கின் 'கிட்டங்கி' வழியே வந்ததுதான் மலாயின் 'குடாங்'. ஆங்கிலத்தின் 'கோடவுன்' என்பதும் அதே குடும்பம். கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு ஏற்றும் லாரி ஓட்டுநர்கள் அதைத் தினமும் சொல்கிறார்கள்.