குவைத்தின் பொருளாதாரக் குறியீடுகள்

குவைத்தின் பொருளாதாரத்தை அளக்கும் எண்கள் பலவும் கச்சா எண்ணெயின் விலையையும், ஒபெக் கூட்டமைப்பு அனுமதிக்கும் உற்பத்தி அளவையும் ஒட்டியே ஏறி இறங்குகின்றன. புர்கான் எண்ணெய் வயல் 1938இல் கண்டறியப்பட்டது. ஏற்றுமதி 1946இல் தொடங்கியது. அரசு வருவாயில் ஏறத்தாழ 90 விழுக்காடு இன்றும் எண்ணெயிலிருந்தே வருகிறது.

மொத்த உள்நாட்டு உற்பத்தி சுமார் 16,000 கோடி டாலர். 2023இல் அது சுருங்கியதற்கு முக்கியக் காரணம், விலையைத் தாங்கிப் பிடிக்க உற்பத்தியைத் தாமாகவே குறைத்ததுதான். தலைக்கு இவ்வளவு வருமானம் என்ற சராசரியையும் அப்படியே நம்பிவிட முடியாது. ஏறக்குறைய 50 லட்சம் மக்களில் குடிமக்கள் மூன்றில் ஒரு பங்கினரே. மற்றவர்கள் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் அவர்கள் குடும்பத்தினரும். அவர்களில் இந்தியர்களே அதிகம். குடிமக்களில் பெரும்பாலோர் அரசு வேலையில் இருப்பவர்கள். இரு தரப்பாரின் ஊதியத்துக்கும் இடையிலுள்ள இடைவெளி சராசரியில் தெரியாது.

அதிகம் குழப்புவது வரவு செலவுக் கணக்கு. நிதியாண்டு ஏப்ரல் 1இல் தொடங்குகிறது. செலவில் பெரும்பகுதி சம்பளத்துக்கும் மானியத்துக்கும் போய்விடுவதால், எண்ணெய் விலை சரிந்தால் பற்றாக்குறை உறுதி. ஆனால் குவைத் முதலீட்டு ஆணையத்தின் வெளிநாட்டு முதலீடுகள் ஈட்டும் வருமானம் இந்தக் கணக்கில் சேராது. அந்த ஆணையத்தின் வேர் 1953இல் லண்டனில் அமைந்த முதலீட்டு வாரியம். 1976இல் உருவான எதிர்காலத் தலைமுறைகள் நிதியத்துக்கு ஆண்டு வருவாயில் 10 விழுக்காடு போய்க்கொண்டிருந்தது. பற்றாக்குறை ஆண்டுகளில் அது கட்டாயமில்லை என 2020இல் சட்டம் திருத்தப்பட்டது. ஈராக் ஆக்கிரமிப்புக்குப் பின் நாட்டை மீட்டெழுப்ப உதவியதும் இந்தச் சேமிப்புதான். எனவே பற்றாக்குறை என்ற செய்தியைப் படித்து குவைத் நொடித்துவிட்டதாக எண்ணுவது தவறு. கையில் ரொக்கம் குறைந்திருக்கும், சொத்து குறைந்திருக்காது.

ஒரு தினார் மூன்று டாலருக்கும் மேல்; உலகில் மிக உயர்ந்த மதிப்புள்ள நாணயம் இதுவே. 1961 வரை அங்கே புழங்கியது ரூபாய். 2007 முதல் தினார் பல நாணயங்கள் சேர்ந்த தொகுப்புடன் பிணைக்கப்பட்டுள்ளது. இந்தப் பிணைப்பும் மானியங்களும் சேர்ந்து பணவீக்கத்தை அடக்கி வைக்கின்றன. சாதாரண ரகப் பெட்ரோலை லிட்டருக்கு 60 ஃபில்ஸிலிருந்து 85 ஃபில்ஸாக 2016இல் உயர்த்தியதே அங்கே பெரும் சர்ச்சையானது. ஒரு தினாருக்கு 1,000 ஃபில்ஸ்.

2025 முதல் பன்னாட்டுப் பெருநிறுவனங்களின் லாபத்துக்குக் குறைந்தபட்சம் 15 விழுக்காடு வரி விதிக்கப்படுகிறது. தனிநபர் வருமான வரி இன்னும் வரவில்லை.