மூன்று தீபாவளி கண்ட பாகவதர்

எம். கே. தியாகராஜ பாகவதர் நடித்த படங்கள் மொத்தம் 14. அவற்றிலும் வெற்றி கண்டவை பெரும்பாலும் 1944க்கு முந்தியவை. இவ்வளவு சிறிய கணக்கை வைத்துக்கொண்டு தமிழ்த் திரையின் முதல் சூப்பர் ஸ்டார் என்ற பெயரை அவர் இன்றளவும் தக்கவைத்திருப்பதற்குக் காரணம், நடிப்பைவிடக் குரல்.

1910இல் மாயவரத்தில் பொற்கொல்லர் குடும்பத்தில் பிறந்தவர். வளர்ந்தது திருச்சியில். பள்ளிக்கூடத்தைவிடப் பாட்டில் நாட்டம் கொண்ட சிறுவனை எஃப். ஜி. நடேச ஐயர் தம்முடைய ரசிக ரஞ்சனி சபாவின் அரிச்சந்திரா நாடகத்தில் லோகிதாசனாக மேடையேற்றினார். ஒலிபெருக்கி இல்லாத அந்த மேடைகளில் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி மேல் சுருதியில் பாட முடிந்தவர்களே நிலைத்தார்கள். எஸ். ஜி. கிட்டப்பா அப்படித்தான் கோலோச்சினார். 1933இல் அவர் மறைந்தார். மறு ஆண்டே கே. சுப்பிரமணியம் இயக்கிய ‘பவளக்கொடி’ வழியாகப் பாகவதர் திரைக்கு வந்தார். நாடகத்தை ஏறத்தாழ அப்படியே படமாக்கியதில் பாடல்கள் மட்டும் ஐம்பதை ஒட்டின.

1937இல் வந்த ‘சிந்தாமணி’யும் ‘அம்பிகாபதி’யும் அவரை உச்சிக்குக் கொண்டுபோயின. ‘சிந்தாமணி’யைத் தயாரித்தவர்கள் அதில் கிடைத்த லாபத்தைக் கொண்டு மதுரையில் அதே பெயரில் ஒரு கொட்டகையே கட்டினார்கள். தோள்வரை புரண்ட அவருடைய தலைமுடி ‘பாகவதர் கிராப்’ ஆனது. நடிப்பு என்று பார்த்தால் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வசனம் பேசும்போதுகூட அடுத்த பாட்டுக்குக் காத்திருப்பவர் போலவே இருப்பார். கூட்டமும் அதற்குத்தான் காத்திருந்தது. பாபநாசம் சிவனின் வரிகள், ஜி. ராமநாதனின் இசை, பாகவதரின் குரல் மூன்றும் சேர்ந்து கர்நாடக ராகங்களைக் கச்சேரி மண்டபத்துக்கு வெளியே கொண்டுவந்தன. சபாவில் கால் வைத்திராதவர்களும் இசைத்தட்டில் கேட்டுக் கேட்டு அந்தப் பாடல்களை முணுமுணுத்தார்கள்.

‘ஹரிதாஸ்’ 1944 தீபாவளிக்கு வெளியானது. அதில் சாருகேசியில் அவர் பாடிய பாட்டு, அந்த ராகத்தையே பாமரருக்கும் அறிமுகப்படுத்தியது எனலாம். சென்னை பிராட்வே கொட்டகையில் படம் மூன்று தீபாவளிகளைக் கண்டது. பின்னிரண்டு தீபாவளிகளின்போது நாயகன் சிறையில் இருந்தார். மஞ்சள் பத்திரிகை நடத்திய லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் குத்திக் கொல்லப்பட்ட வழக்கில் பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் கைதாகி ஆயுள் தண்டனை பெற்றிருந்தார்கள். இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போன அந்த வழக்கில் 1947 ஏப்ரலில்தான் இருவருக்கும் விடுதலை கிடைத்தது.

வெளியே வந்தபோது காலம் மாறியிருந்தது. ‘ராஜமுக்தி’ (1948), ‘அமரகவி’ (1952) எதுவும் பழைய கூட்டத்தைத் திரும்பக் கூட்டவில்லை. வசனம் பேசும் நாயகர்களின் யுகம் பிறந்துகொண்டிருந்தது. அவருடைய பாணியோ வேறொரு தொண்டைக்குள் புகுந்துகொண்டது. பாகவதரைப் போலவே பாடிப் பழகிய டி. எம். சௌந்தரராஜன் 1950இல் ‘கிருஷ்ண விஜயம்’ படத்தில் அதே சாயலோடு அறிமுகமானார். பிறகு சிவாஜிக்கும், முன்பு பாகவதரின் ‘அசோக்குமார்’ படத்தில் சிறு வேடத்தில் வந்துபோன எம்.ஜி.ஆருக்கும் பாடினார்.

பாகவதர் 1959 நவம்பர் 1 அன்று சென்னையில் காலமானார். அவருடைய கடைசிப் படம் ‘சிவகாமி’ அடுத்த ஆண்டுதான் திரைக்கு வந்தது.